காப்பர்-டி நூல் தெரியவில்லை என்றால்: மும்பைக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு

பிரசவத்துக்கு ஊருக்குப் போய்க் கைக்குழந்தையோடு மும்பை திரும்புகிறவர்கள், கல்யாணமாகி முதல் தடவையாக இந்த ஊருக்கு வருகிறவர்கள், இரண்டு தரப்பிலும் காப்பர்-டி பற்றி, அதாவது கர்ப்பத்தைத் தடுக்கக் கர்ப்பப்பைக்குள் வைத்து, நூலை மட்டும் கர்ப்பப்பை வாய்க்கு வெளியே விடும் சாதனம் பற்றி, என்னிடம் வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "அக்கா, நூல் தெரியலையாம், விழுந்திருக்கும்னு சொல்றாங்க, அப்படியே விட்டுடலாமா?" விடக்கூடாது. அது விழுந்ததை நீங்களே கண்ணால் பார்த்திருந்தால் ஒழிய, உடம்புக்குள் எங்கேயும் இல்லை என்று ஓர் எக்ஸ்ரே சொல்லும் வரை அது உள்ளேதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், அது இனிமேல் கர்ப்பத்தைத் தடுக்கும் என்று நம்பிக்கொண்டும் இருக்காதீர்கள்.

யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. காப்பர்-டி நல்ல சாதனம்தான், லட்சக்கணக்கான பெண்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லாமல் பத்து வருஷம் வேலை செய்கிறது. கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போவது ஆயிரத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ நடப்பது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, குழந்தை பிறந்த முதல் ஒன்பது மாதத்துக்குள் வைத்துக்கொண்டவர்களுக்கு அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். பிரசவம் ஆன கையோடு, நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் வைப்பார்கள் இல்லையா, அதில் துளைப்பது அரிது, ஆனால் நழுவி இறங்கி விழுந்துவிடுவது மற்ற நேரத்தில் வைப்பதைவிட அதிகம். சிசேரியன் சமயத்தில் வைத்தவர்களுக்கு நூல் கீழே இறங்காமல் மேலேயே சுருண்டு கிடப்பதும் சகஜம்.

ஆக, நூல் தெரியவில்லை என்றால் காரணம் நான்கில் ஒன்று. நூல் மட்டும் மேலே சுருண்டிருக்கிறது, சாதனம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. அல்லது சாதனம் தெரியாமலே விழுந்துவிட்டது, மாதவிலக்கு நாளில் பேடோடு போனால் கவனிக்கவே மாட்டோம். அல்லது கர்ப்பம் தரித்து, கர்ப்பப்பை பெரிதாகும்போது நூல் மேலே இழுபட்டுவிட்டது. அல்லது சுவருக்குள் பதிந்தோ சுவரைத் தாண்டியோ போய்விட்டது. முதல் காரணம்தான் பெரும்பாலும். ஆனால் இந்த நான்கில் எது என்பதை யாரும் கைபார்த்தோ கேள்வி கேட்டோ சொல்லிவிட முடியாது.

இன்றைக்கே கிளம்ப வேண்டியவர்கள்

மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது, கூடவே அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி: இது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். காப்பர்-டி இருப்பவர்களுக்குக் கர்ப்பம் தரிப்பதே அபூர்வம், ஆனால் தரித்துவிட்டால் அது குழாயில் இருக்கும் வாய்ப்பைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும். குழாய் வெடித்தால் உள்ளே ரத்தம் கொட்டும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம். ஓபிடி திறக்கட்டும், வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்கு அடியுங்கள், அல்லது டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டிக்கு நேராகப் போங்கள், ராத்திரியானாலும் திறந்திருக்கும்.

காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி மூன்றும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். இரண்டு மணி நேரமாக மணிக்கு ஒரு பேட் நனைகிற அளவு ரத்தம் போனாலும் அப்படித்தான். வயிறு கல் மாதிரி இறுகி, வாந்தியோடு மலமும் காற்றும் பிரியாமல் இருந்தால் குடலில் சிக்கியிருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாதவர்களுக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் உண்டு. மாதக்கணக்கில் தள்ளிப்போட மட்டும் அவகாசம் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் ஊருக்கு ஃபோன் போட்டு டிஸ்சார்ஜ் சீட்டையும், காப்பர்-டி வைத்தபோது கொடுத்த சின்ன அட்டையையும் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அம்மா வீட்டு பீரோவில், குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்ந்துதான் கிடக்கும். எந்தத் தேதியில் வைத்தார்கள், 380ஏ வகையா 375 வகையா என்பது அதில் இருக்கும். 380ஏ பத்து வருஷத்துக்கு, 375 ஐந்து வருஷத்துக்கு. மாத்திரை மாதிரி ஹார்மோன் சுரக்கும் வகை வைத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கேனில் அது காப்பர் வகை போலப் பளிச்சென்று தெரியாது. அம்மா, மாமியார் வயசுக்காரர்கள் எல்லாவற்றையுமே "லூப்பு" என்றுதான் சொல்வார்கள், அதனால் அவர்கள் ஞாபகத்தை நம்பாமல் அட்டையின் படத்தை வாங்குங்கள்.

அடுத்தது கர்ப்பப் பரிசோதனை. மெடிக்கலில் கிட் வாங்கி, காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் பாருங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தாலும் பாருங்கள், குழாய்க் கர்ப்பத்தில் வரும் ரத்தக்கசிவை மாதவிலக்கு என்று எண்ணியவர்கள் உண்டு.

நூலை நீங்களே தொட்டுப்பார்ப்பதாக இருந்தால் கையை நன்றாகக் கழுவி, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, விரலை உள்ளே விட்டால் மூக்கு நுனியைப் போல உறுதியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் கர்ப்பப்பை வாய். அதிலிருந்து இரண்டு நூல்கள், மீன்பிடி நைலான் தடிமனில், சுமார் மூன்று சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். நூலுக்குப் பதிலாகக் கெட்டியான பிளாஸ்டிக் முனை விரலில் பட்டால் சாதனம் பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம். எந்த நிலையிலும் இழுக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் இழுக்கவிடாதீர்கள். தொட்டுப்பார்க்கக் கூச்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள், டாக்டர் பார்ப்பதுதான் கணக்கு.

டாக்டரைப் பார்க்கும் வரை ஆணுறை கட்டாயம். அது இல்லாமல் உறவு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை எடுக்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதில் வீட்டுக்காரருக்கும் பங்கு இருக்கிறது, அவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

எங்கே போவது

தாராவிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது எல்லாரும் சோட்டா சயான் என்று சொல்லும் நகர்ப்புறச் சுகாதார நிலையம். அங்கே காட்டிவிட்டுத் தேவையென்றால் பெரிய சயான் ஆஸ்பத்திரிக்கு, அதாவது லோக்மான்ய திலக் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். நேராகவே சயான் போகவும் தடையில்லை. பரேலில் கேஇஎம், அதே பரேலில் வாடியா மகப்பேறு ஆஸ்பத்திரி, மும்பை சென்ட்ரல் பக்கம் நாயர், காட்கோபரில் ராஜாவாடி. மாநகராட்சியின் "ஆப்லா தவாகானா" உங்கள் தெருவில் இருந்தால் முதல் ஆலோசனைக்கும் கர்ப்பப் பரிசோதனைக்கும் அது போதும், ஆனால் காணாமல் போன காப்பர்-டியை எடுக்கிற இடம் அது இல்லை. மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் தமிழ் பேசும் பெண் டாக்டர்கள் தனியாகவும் பார்க்கிறார்கள். பணம் தாங்கும் என்றால் அங்கே காட்டி ஸ்கேன் வரை எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் என்று வந்தால் அந்த ரிப்போர்ட்டோடு மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் தப்பே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். முதலில் கேஸ் பேப்பர் கவுண்டர். ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், தண்ணீர் பாட்டில், ஒரு பேட், முன்பக்கம் கழற்ற எளிதான உடுப்பு. கடைசி மாதவிலக்கு என்றைக்கு வந்தது என்ற தேதியைக் கேஸ் பேப்பரின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மேஜையிலும் அதைத்தான் கேட்பார்கள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வர முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் கூட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பரிசோதனை அறைக்குள் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது.

பாஷை பிரச்சினை பற்றி நிறையப் பேர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், மூன்று வாக்கியம் போதும். "காப்பர்-டீ லகாயா ஹை, தாகா நஹி மில் ரஹா" (காப்பர்-டி வைத்திருக்கிறது, நூல் கிடைக்கவில்லை). "பேட் மே தர்த் ஹை" (வயிற்றில் வலி). "சோனோகிராஃபி மே நஹி திகா தோ எக்ஸ்ரே கரா தீஜியே" (ஸ்கேனில் தெரியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துக்கொடுங்கள்). மராத்தி பேசும் சிஸ்டர்கள் காப்பர்-டியைத் தாம்பி என்பார்கள், குழம்ப வேண்டாம். வார்டில் வேலை பார்க்கும் மாவ்ஷிகளில் பலருக்குத் தமிழ் காதில் விழுந்தே பழக்கம், கேட்டால் வழி காட்டுவார்கள். உங்கள் பகுதிக்கு வரும் ஆரோக்ய சேவிகாவைத் தெரிந்திருந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போவது எல்லாவற்றிலும் சுலபம்.

உள்ளே என்ன நடக்கும்

மேஜையில் படுக்கவைத்து, ஒரு கருவியால் விரித்து, விளக்கு வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். மூச்சை அடக்காமல் வாயால் விட்டுக்கொண்டிருந்தால் தசை இறுகாது, வலியும் குறையும். நூல் மேலே சுருண்டிருந்தால் மெல்லிய பிரஷ் ஒன்றைக் கர்ப்பப்பை வாய்க்குள் விட்டுச் சுழற்றி இழுப்பார்கள், பல பேருக்கு அதிலேயே நூல் வெளியே வந்து விஷயம் முடிந்துவிடும்.

வரவில்லை என்றால் ஸ்கேன். இங்கே சோனோகிராஃபி என்பார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட உள்வழியாகப் பார்ப்பது தெளிவு. டாக்டர் சீட்டும் அடையாள அட்டையும் இல்லாமல் சென்டரில் எடுக்க மாட்டார்கள். ரிப்போர்ட்டில் "கர்ப்பப்பைக்குள் சரியான இடத்தில்" என்று வந்தால் நிம்மதியாக விட்டுவிடலாம், நூல் தெரியாதது ஒரு குறையே இல்லை, காலம் முடியும்போது எடுத்துக்கொள்ளலாம். "கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது" என்று வந்தால் அவசரப்பட்டு எடுக்கச் சொல்லாதீர்கள். கர்ப்பப்பை வாய்க்குள் இறங்கியிருந்தால் எடுத்தே ஆக வேண்டும், அதற்கு மேலே இருந்து வலியும் ரத்தப்போக்கும் இல்லையென்றால் டாக்டர் விட்டுவைக்கவும் செய்வார். எடுத்துவிட்டு வேறு எதுவும் வைக்காமல் போய்க் கர்ப்பமாகி நிற்பவர்கள்தான் அதில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி இல்லை என்று வந்தால், அங்கேயே "விழுந்துவிட்டது" என்று எழுதி அனுப்பிவிடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஸ்கேன் கர்ப்பப்பையைத்தான் நன்றாகப் பார்க்கும், குடல் மடிப்புக்கு நடுவில் கிடப்பதைக் காட்டாது. எக்ஸ்ரேதான் காட்டும், ஏனென்றால் காப்பர்-டியின் பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதே எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். எக்ஸ்ரே வயிறு முழுவதும், மேலே உதரவிதானத்திலிருந்து கீழே இடுப்பெலும்பு வரை, எடுக்கப்பட வேண்டும். கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

சயான் கோலிவாடாவில் எங்கள் சாலுக்கு, அதாவது வரிசை வீட்டுக்கு, பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் மட்டும் பார்த்துவிட்டு விழுந்துவிட்டது என்று சொல்லி, புதிதாக இன்னொரு காப்பர்-டியும் வைத்துவிட்டார்கள். வலி நிற்கவே இல்லை. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது நானும் கூட நின்றேன். நடுவில் நிமிர்ந்த ஒரு டி. வலது இடுப்பெலும்பின் உள்பக்கமாக, பக்கவாட்டில் படுத்தபடி இன்னொரு டி, இரண்டு கையும் தண்டும் வெள்ளையாக, வரைந்து வைத்தது போலத் தெளிவாக. அந்தப் பெண், டாக்டரைப் பார்த்துக் கேட்டது, "இது எனக்குள்ளயா இருக்கு?" என்று மட்டும்தான். ஒரே ஒரு எக்ஸ்ரே முன்பே எடுத்திருந்தால் இத்தனை நாள் வலியை அவள் தாங்கியிருக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. பழையது எங்கே என்று தெரியாமல் புதியதை வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எடுப்பது எப்படி

கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்து நூல் மட்டும் கிடைக்கவில்லை என்றால் மெல்லிய கொக்கியாலோ இடுக்கியாலோ ஓபிடியிலேயே எடுத்துவிடுவார்கள். சுவரில் பதிந்திருந்தால் ஹிஸ்டரோஸ்கோபி, கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தே எடுப்பது, தையல் கிடையாது, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். சுவரைத் தாண்டி வயிற்றுக்குள் போயிருந்தால் லேப்ராஸ்கோபி, தொப்புள் பக்கம் சின்னத் துளைகள் போட்டு எடுப்பது. வலி இல்லாவிட்டாலும் அதை எடுத்துவிடுவதுதான் வழக்கம், தாமிரம் சுற்றியுள்ள திசுவை எரிச்சலூட்டிக் குடலோடு ஒட்டிக்கொள்ளும், நாளாக நாளாக எடுப்பது கடினமாகும். சிறுநீர்ப்பைக்குள் போனவர்களுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு, சிறுநீரில் ரத்தம், சாதனத்தின் மேலேயே கல் படிவது எல்லாம் வரும். எத்தனை ஆன்டிபயாடிக் தின்றும் நீர்க்கடுப்பு நிற்கவில்லை, முன்பு காப்பர்-டி வைத்த கதையும் இருக்கிறது என்றால் அதை டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள்.

எடுத்ததும் சாதனத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கை, ஒரு தண்டு, முழுசாக இருக்கிறதா பாருங்கள். சில நேரம் கை முறிந்து உள்ளே தங்கிவிடும்.

ஆபரேஷன் செலவு பயமாக இருந்தால் மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் சமூகசேவைப் பிரிவு இருக்கிறது, எம்எஸ்டபிள்யூ என்று கேட்டாலே காட்டுவார்கள். ரேஷன் கார்டோடு போய் மகாத்மா ஜோதிராவ் ஃபுலே ஜன் ஆரோக்ய திட்டத்தில் உங்கள் கேஸ் வருமா என்று விசாரியுங்கள். கார்டு இன்னும் ஊர் முகவரியில் இருந்தாலும் விசாரிக்காமல் திரும்ப வேண்டாம்.

கர்ப்பம் என்று தெரிந்தால்

முதலில் ஸ்கேன், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று. குழந்தை வேண்டும் என்றால், நூல் தெரிகிற பட்சத்தில் ஆரம்பத்திலேயே காப்பர்-டியை எடுத்துவிடுவது நல்லது. எடுக்கும்போது கரு கலைய ஒரு சின்ன வாய்ப்பு உண்டு, ஆனால் உள்ளேயே விட்டால் கருச்சிதைவு, தொற்று, குறைப்பிரசவம் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு அதைவிட அதிகம். நூல் தெரியாவிட்டால் பொதுவாக அப்படியே விட்டுக் கவனமாகப் பார்ப்பார்கள். பிரசவத்தின்போது நஞ்சோடு சாதனமும் வந்ததா என்று தேடச் சொல்லுங்கள், வரவில்லையென்றால் பிரசவத்துக்குப் பிறகு எக்ஸ்ரே.

வேண்டாம் என்றால், கருத்தடை தவறியதால் வந்த கர்ப்பத்தைக் கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு கல்யாணமாகாதவர்களுக்கும் இது பொருந்தும். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ள மட்டும் கூடாது, குழாய்க் கர்ப்பமாக இருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது, உள்ளே இருக்கும் காப்பர்-டியையும் யாராவது எடுத்தாக வேண்டும்.

எடுத்த பிறகு

கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு எடுத்த அன்றே திரும்பிவிடும். எடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம் ஆணுறை இல்லாமல் உறவு இருந்தால் அதிலிருந்தே கர்ப்பம் தரிக்கலாம், டாக்டரிடம் மறைக்காதீர்கள். திரும்பவும் காப்பர்-டி வேண்டும் என்றால் கர்ப்பப்பை ஆறிய பிறகு வைக்கலாமா என்று கேளுங்கள், ஒருமுறை துளைத்தது என்பதால் இனி கூடவே கூடாது என்று இல்லை. வேறு கருத்தடை வேண்டும் என்றால், அரசு ஆஸ்பத்திரிகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும், முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று என்று சாப்பிடும் சாயா மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கின்றன. சாயாவில் ஹார்மோன் இல்லை, பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது "காப்பர்-டி முழுமையாக அகற்றப்பட்டது" என்று தேதியோடு சீட்டில் எழுதி வாங்குங்கள், எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் ஃபோனில் படமெடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். லேப்ராஸ்கோபி செய்தவர்கள் ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலோ, துளை போட்ட இடம் சிவந்து சீழ் வைத்தாலோ, வயிறு உப்பினாலோ, மறு தேதிக்குக் காத்திராமல் அந்தச் சீட்டோடு அதே ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டிக்குப் போங்கள்.